மூன்றாம் மாடி எந்த ஊர்

பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்துவிட்டு நேவேனா கையைக் கட்டிக்கொண்டாள். திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. மூன்றாம் மாடியில் அத்தனை திரைகளிலும் அதே வட்டம்தான். கோட்டுகூடக் கழற்றாமல் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இத்தாலிக்காரன் வாஷிங் மெஷின்கூட இவ்வளவு நேரம் சுத்தாதுடி" என்றாள் பக்கத்து நாற்காலி ஸ்டோயான்கா, காலைப் பலகாரமான பனிட்சா என்ற பாலாடைக்கட்டி அப்பத்தைப் பிட்டு வாயில் போட்டபடி.

வாஷிங் மெஷின் பழுதான இத்தாலியர்களுக்குப் போனில் பதில் சொல்வதுதான் அவர்கள் வேலை. நேவேனா இத்தாலியன் கற்றது பள்ளிக்கூடத்தில் அல்ல. இத்தாலியின் பாரி நகரத்தில் யார் யாரையோ பெற்ற கிழவர்களுக்குக் குண்டி கழுவிக் கற்றது. அந்த வருடங்களில் மகள் அவளை "அம்மா" என்று கூப்பிடவே மறந்திருந்தாள். இந்த வேலை கிடைத்த பிறகுதான் சொந்த ஊரான கப்ரோவோவில் இருக்கிறாள். புருஷன் முதுகெலும்பு போய் வீட்டில் கிடக்கிறான். இந்த வேலையும் போனால் திரும்பப் பாரிதான்.

போகிற மாதிரித்தான் இருந்தது. திரை திறக்கிற நேரம்தான் கம்பெனிக்கு ஆள் வந்த நேரம். வாசலில் எப்போது நுழைந்தாள் என்று எவனும் பார்ப்பதில்லை. பழைய கட்டடத்திலிருந்து இந்த மாடிக்கு மாற்றியதிலிருந்து எல்லோருமே 'லேட்'. நேவேனாவுக்கு இரண்டு எச்சரிக்கை வந்தாயிற்று. மூன்றாவது வந்தால் வெளியே.

"கொஞ்சம் முன்னாடியே வந்தா என்ன? வீட்ல மலையையா புரட்டுறீங்க?" என்று மேலாளர் பிளாமென் கேட்டிருந்தான். சொல்லும்போது வாயில் புதினா மிட்டாயை உருட்டிக்கொண்டிருந்தான். அந்த வாசனை வந்தாலே இப்போது அவள் மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஒக்னியான் அவள் மேஜைக்கு அடியிலிருந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

"கண்டுபிடிச்சிட்டேங்கா. மெஷின் எந்திரிச்சதும், 'உள்ள போகணும், டொமைன் கன்ட்ரோலர் எங்க?'ன்னு கேக்கும். அதுதான் வாசல்காவல். அது மெஷினோட முகவரியப் பாத்துட்டு, 'நீ கப்ரோவோவா? உங்க ஊர்க் காவல்கிட்டப் போ'ன்னு கை காட்டணும். இந்த மாடி முகவரி எந்த ஊர்க் கணக்குலயும் இல்ல. அநாதை. அதான் முதல்ல கையில அகப்பட்டவன் காலையே கட்டிக்கிட்டுக் கிடக்கு. தினம் தலைமை ஆபீஸ் இருக்கற ரோட்டர்டாம் வரைக்கும் போய் உங்க பேரை விசாரிச்சிட்டு வருது."

"நம்ம ஊர்க் காவல் எங்க இருக்கு?"

ஒக்னியான் காலால் தரையைத் தட்டினான். "இதுக்கு நேர் கீழ."

"அட நாசமாப் போனவனுங்களா! கணக்குல சேத்துவிட வேண்டியதுதானே?"

"எனக்கு அந்த உரிமை இல்லக்கா. தலைமை ஆபீஸ்தான் சேக்கணும்." அவன் காது சிவந்தது. "மாடி திறக்கறப்ப வீடியோல கேட்டாங்க, சேத்தாச்சான்னு. மைக் வேலை செய்யல. தலைய ஆட்டினேன்."

"எப்படி?"

தலையை மேலே தூக்கி இறக்கி, நாக்கால் 'ச்ச்' என்றான். எங்கள் நாட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும், அது 'இல்லை' என்று. 'ஆமாம்' என்றால் பக்கவாட்டில் அல்லவா ஆட்டுவோம். ரோட்டர்டாம்காரன் 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டு வேலை முடிந்தது என்று எழுதிவிட்டான்.

ஸ்டோயான்கா புரையேறச் சிரித்தாள். நேவேனாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இவன் தலையாட்டுனத நம்பிட்டாங்க. நாங்க வாய்விட்டுக் கத்துனத நம்பல பாரு."

ஒக்னியான் அன்றைக்கே தலைமை ஆபீஸுக்கு எழுதிப் போட்டான். பதில் வருவதற்குள் மூன்றாவது எச்சரிக்கை வந்துவிட்டது. நேவேனாவைப் பிளாமென் அறைக்குக் கூப்பிட்டார்கள். போகும்போது ஒக்னியான் பின்னாலேயே வந்து, "வாயால சொல்லுங்கக்கா. தலைய மட்டும் அசைச்சிடாதீங்க" என்றான்.

திரையில் ரோட்டர்டாம் தலைமை ஆபீஸ் அம்மாள் ஒருத்தி காபியை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். நேவேனா கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு சொன்னாள்: "நான் லேட்டா வரல. மெஷின்தான் லேட்டாத் திறந்துச்சு."

அம்மாள் ஏதோ சொன்னாள். பிளாமென் மொழிபெயர்த்துச் சொன்னான்: "உண்மைதானாம். கோளாறு அவங்களோடதுதானாம். இன்னிக்கு ராத்திரி சரி பண்ணிடுவாங்களாம், ரொம்ப நன்றியாம். ஆனா பழைய எச்சரிக்கை ஏறினது ஏறினதுதானாம். முடிவை நாளைக்குச் சொல்றாங்களாம்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் என்ன சொல்ல? மேல இருந்து வர்றதுதானே." மிட்டாய் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போனது.

"பூனை நுழைஞ்சதும் கதவைச் சட்டுன்னு சாத்தணும், குளிர் உள்ள வரக்கூடாதுன்னு அது வாலை வெட்டினவங்கன்னு நம்ம ஊரைக் கிண்டல் பண்ணுவாங்க, பிளாமென். வாலைத்தான் வெட்டினோம். பூனையை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தல."

அவன் மிட்டாய் டப்பாவை அவள் பக்கம் நீட்டினான். அவளுக்கு அதை அவன் மூஞ்சியிலேயே வீசலாம் போல இருந்தது.

மறுநாள் காலை மாடியில் அதிசயம். "திறந்துடுச்சு! கோட்டுகூடக் கழட்டலடி!" என்று ஸ்டோயான்கா கூவினாள். வரிசை நெடுகக் கைதட்டல். ஒக்னியான் வாசலில் நின்று மாப்பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

நேவேனா பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்துவிட்டுப் பழக்கதோஷத்தில் கையைக் கட்டப் போனாள். வட்டம் சுற்றவே இல்லை. காலடியில் இருந்த காவல் கண் மூடித் திறப்பதற்குள் பதில் சொல்லிவிட்டது:

'இந்தக் கணக்கு முடக்கப்பட்டுள்ளது.'