ஒன்பதாம் நம்பர் ஷூ

ஜெராக்ஸ் கடைக்கு மேலே நடக்கும் எங்கள் ஆங்கில வகுப்பில் பரீட்சை என்றால் கடை போடுவதுதான். ஆளுக்கொரு பொருளை வீட்டிலிருந்து கொண்டுவந்து மேசையில் வைத்து விற்க வேண்டும். வாங்க வருகிறவர் 'ஹவ் மெனி', 'ஹவ் மச்' என்று கேட்பார். பதில் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு வார்த்தை தமிழ் வந்தாலும் பெயில். இதில் மட்டும் வாத்தியார் தாட்சண்யமே பார்க்க மாட்டார்.

எனக்குத் திங்கட்கிழமைக்குள் சான்றிதழ் வேண்டும். பெரிய கடை ஒன்றில் பில் போடும் வேலை. சான்றிதழ் இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்றுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் இறந்து மூன்று மாதம். வீட்டு வாடகை அவருக்காகத் துக்கம் அனுசரிக்கவில்லை.

நானும் அனுசரித்ததாகச் சொல்ல முடியாது. ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. "என்ன நெஞ்சழுத்தம் பாரு இவளுக்கு" என்று நாத்தனார் என் காதுபடவே சொன்னாள். அழுத்தமெல்லாம் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

பரீட்சைக்குக் கிளம்பும் அவசரத்தில் கைக்கு அகப்பட்டது அவருடைய கறுப்பு ஷூ. பையில் போட்டேன். எதுவாக இருந்தால் என்ன?

என்னிடம் வாங்க வந்தது வேன் ஓட்டும் தம்பி. வகுப்பிலேயே பெரிய வாயாடி.

"ஹவ் மெனி ஷூஸ்?"

"டூ."

"ஒன் லெக் மேன் கம்மிங். ஹவ் மச்?"

"ஹாஃப் பிரைஸ்."

வகுப்பே சிரித்தது. வாத்தியார் நோட்டில் டிக் போட்டார். தம்பி விலை கேட்டான், பேரம் பேசினான். நான் குறைத்தேன். எல்லாம் தங்குதடையில்லாமல் வந்தது. "ஐ டிரை" என்று செருப்பைக் கழற்றி ஷூவுக்குள் காலை விட்டான். கால் பாதியில் நின்றது. உள்ளே கைவிட்டுத் துழாவி, சுருட்டி அடைத்திருந்த பேப்பரை வெளியே எடுத்தான். காலுக்கு ஒன்றாக இரண்டு.

நான் மறந்தே போயிருந்தேன். என் வீட்டுக்காரருக்கு எட்டாம் நம்பர் கால். தள்ளுபடியில் ஒன்பதுதான் இருந்தது. "பேப்பர் வச்சா சரியாப் போயிடும், விடு" என்று வாங்கிவந்து நான்கு வருஷம் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். பேப்பர் கெட்டியாக இறுகி, ஒரு பக்கம் ஐந்து விரலும் வரிசையாகப் பதிந்திருந்தன.

தம்பிக்கு இப்போது ஷூ கச்சிதமாகப் பொருந்தியது. இரண்டு எட்டு நடந்து காட்டினான். பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் ஆகவில்லை.

"லாஸ்ட் கொஸ்டின்" என்றார் வாத்தியார்.

தம்பி பேப்பரைக் கையில் ஏந்திக் கண்ணடித்தான். "திஸ் பேப்பர், ஹவ் மச்?"

'ஃபிரீ' என்றிருந்தால் போதும். அந்த வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"அது விக்கிறதுக்கு இல்ல தம்பி. குடு இங்க."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அய்யோ அக்கா, தமிழ்ல சொல்லிட்டீங்களே" என்றபடி அவசரமாகக் கொடுத்தான். வாத்தியார் பேனாவைத் தூக்கியபடியே நின்றார்.

"இங்கிலீஷ்ல சொல்லுங்கம்மா. மூணே வார்த்தை. முன்னாடி சொன்னது என் காதுல விழலைன்னு வச்சுக்கறேன்."

அவர் இறங்கிவந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அந்த மூன்று வார்த்தையும் தெரியும். பேப்பரில் கட்டைவிரல் பதிந்த குழியில் என் விரல் போய் உட்கார்ந்தது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது.

வாத்தியார் வெகுநேரம் காத்திருந்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, அடுத்த பரீட்சை அடுத்த மாதம்தான் என்றார்.