பூபாலனின் டின்னுக்கு ஓர் ஓப்பனர்

பூபாலன் டின்னுக்குள் இருக்கிறான் என்று தெரிந்ததும் மங்கையர்க்கரசிக்கு முதலில் வந்தது நிம்மதிதான்.

அதுவரை ஆளைக் காணோம் என்று ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தார்கள். தேன்கனிக்கோட்டையில் பார்த்ததாக ஒருத்தர் சொன்னார். சேலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்ததாக இன்னொருத்தர் சொன்னார். இப்போது இடம் தெரிந்துவிட்டது. அவளுடைய வீட்டுக் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில், ஒரு மாம்பழக்கூழ் டின்னுக்குள் அவன் இருந்தான்.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் அவனுக்கு வேலை. டின்களுக்கு மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவன் பார்த்த டின் எதுவும் ஒழுகியதில்லை.

டின்னைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவர் ஃபேக்டரி சூப்பர்வைசர் கஜபதி. குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி வந்து வைத்தார்.

"மூடி பிரமாதமா உக்காந்திருக்குங்க மேடம்," என்றார். "பூபாலன் சார் இதைப் பாத்தா சந்தோஷப்படுவாரு."

"உள்ள எப்படிப் போனாரு?"

"போகலைங்க. அவரு பாட்டுக்கு இருந்தாரு. மூடிதான் வந்து உக்காந்துடுச்சு."

அது நியாயமாகத்தான் பட்டது.

"நீங்களே திறந்து குடுத்திருக்கலாமே?"

"எங்ககிட்ட மூடற மெஷின் மட்டும்தாங்க இருக்கு."

கஜபதி டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்தார். உள்ளேயிருந்து "பரவால்ல, பரவால்ல" என்று பூபாலனின் குரல் வந்தது. டின்னின் அடியில் ஒரு தேதி அச்சாகியிருந்தது. அடுத்த வருஷம்.

"இந்தத் தேதிக்குள்ள திறந்துடுங்க."

"அதுக்கு அப்புறம்?"

"அப்புறம் திறக்கக் கூடாதுங்க."

அவர் காபி குடித்துவிட்டுப் போனார்.

பூபாலன் வாட்டசாட்டமான ஆள். டின் ஒரு சாண் உயரம்தான் இருந்தது. மங்கை அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க, உள்ள இடம் பத்துதா?"

"தாராளமா இருக்கு."

"பசிக்குதா?"

"அப்படி ஒண்ணும் இல்ல."

குரலில் கலக்கம் எதுவும் இல்லை. அவளுக்கும் பயம் பாதி போய்விட்டது. அடுக்களையில் போய் டின் ஓப்பனரை எடுத்து வந்தாள். ஒரு கைப்பிடியில் வெட்டும் சக்கரம், இன்னொன்றில் பல் சக்கரம். இரண்டுக்கும் நடுவில் டின்னின் விளிம்பைக் கவ்வ வைத்துத் திருக வேண்டும். எல்லோர் வீட்டிலும் இருப்பதுதான்.

"வச்சுட்டேங்க. திருகட்டுமா?"

"ம், திருகு," என்றான் பூபாலன்.

அவன் பேசியதும் விளிம்பு தடித்தது. சுண்டுவிரல் அளவுக்குத் தடித்து ஓப்பனரை வெளியே தள்ளிவிட்டது. அவள் ஓப்பனரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவன் பேசாமல் இருந்தான். விளிம்பு மெலிந்தது. மெலிந்து மெலிந்து வெங்காயத்தோல் மாதிரி ஆனது. இப்போது வைத்தால் ஓப்பனர் வழுக்கியது.

அவன் பேசினால் தடிக்கிறது. பேசாவிட்டால் மெலிகிறது. நடுவில் ஒரு நிலையில் நிற்கவே மாட்டேன் என்கிறது.

மங்கை சோறு வடித்துவிட்டு வந்து டின்னைக் கவிழ்த்துப் பார்த்தாள். தேதி அடுத்த மாதமாகியிருந்தது.

புடவை மாற்றிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அவள் வேலை பார்த்தது ஓசூரில், கைக்கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியில். ஸ்பேனர், குறடு, பைப் ரெஞ்ச் எல்லாவற்றுக்கும் டிசைன் போடுவாள். வரையும் கூடம் அன்றைக்கு மூன்று மடங்கு அளவில் இருந்தது. நாற்காலியின் இருக்கை அவள் தோள் உயரத்துக்கு நின்றது. மேஜை இழுப்பறைகளைப் படிபோல இழுத்துவிட்டு ஏறித் தன் இடத்தில் உட்கார்ந்தாள். பென்சிலைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

டிசைன் பிரிவின் தலைவர் எட்வின் சார். பொங்கலிலிருந்து அவர் சீலிங் ஃபேனாக இருந்தார். அதற்கு முன்னால் இருந்ததைவிட இப்போது எல்லோருக்கும் உபயோகமாக இருந்தார். அவரோடு பேச வேண்டுமென்றால் ரெகுலேட்டரைக் குறைக்க வேண்டும். மங்கை குறைத்தாள்.

"என்னம்மா?" என்றார், மெதுவாகச் சுற்றிக்கொண்டே.

"சார், விளிம்புக்குத் தகுந்த மாதிரி மாறுற டின் ஓப்பனர் ஒண்ணு பண்ணணும்."

"கருவி மாறக் கூடாதும்மா. மாறினா அது கருவி இல்ல."

"டின் மாறுதே சார்."

"அப்ப அது டின் இல்ல."

"வேற என்ன சார்?"

எட்வின் சார் ஒரு சுற்று யோசித்தார்.

"வீட்டுக்காரர்," என்றார். "வீட்டுக்காரருக்கெல்லாம் நாம கருவி பண்றதில்லம்மா."

மங்கை ரெகுலேட்டரை முழுசாக வைத்தாள். அவர் சந்தோஷமாகச் சுற்றினார். காற்று நன்றாக வந்தது. அதற்குப் பிறகு அவர் மறுத்து எதுவும் சொல்லவில்லை.

அவள் வரைய ஆரம்பித்தாள். முதலில் இரண்டு கைப்பிடிகள். பிறகு வெட்டும் சக்கரம். அதற்குக் காம்பஸ் வைத்து ஒரு வட்டம் போட்டாள். வட்டம் தாளில் முடியவில்லை. கோடு தாளைத் தாண்டி, மேஜையைத் தாண்டி, தரையில் இறங்கி வாசல் வழியாக வெளியே போனது. ஆரம்பித்த வட்டத்தைப் பாதியில் விட முடியாது. மங்கை பென்சிலோடு பின்னாலேயே போனாள்.

கோடு பஸ் ஸ்டாண்டைச் சுற்றியது. பூ மார்க்கெட்டுக்குள் நுழைந்தது. ரோஜாக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒருத்தி, கோட்டுக்கு வழி விட்டு முழங்காலை மடக்கிக்கொண்டாள்.

"எங்க போவுது இது?" என்று கேட்டாள்.

"தெரியலைங்க. திரும்பி வரணும்."

"வரும் வரும். வட்டம்தானே?"

அந்த வார்த்தை மங்கைக்குத் தெம்பாக இருந்தது. அவள் இன்னும் வேகமாக நடந்தாள். கோடு ஏரிக்கரையில் சற்றுத் தயங்கியது. பிறகு திரும்பியது. சந்து சந்தாக வளைந்து, கம்பெனி கேட்டுக்குள் நுழைந்து, படியேறி, மேஜை மேல் வந்து, ஆரம்பித்த இடத்தைத் தொட்டது. தொட்டதும் சுருங்கி ஒரு ரூபாய்க் காசு அளவில் நின்றது. சரியான அளவு.

மிச்சம் சுலபமாக வந்தது. இரண்டு கைப்பிடிகளும் சேரும் இடத்தில் ஆணியை இறுக்கி அடிக்காமல், நீளமாக ஒரு வெட்டுவாய் விட்டாள். அதில் ஆணி முன்னும் பின்னும் நகரலாம். அதன் தலையில் ஒரு பட்டர்ஃபிளை நட். கட்டைவிரலால் அதைத் தளர்த்தினால் இரண்டு சக்கரங்களும் விலகும். இறுக்கினால் நெருங்கும். ஒரு கை திருகிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கையின் கட்டைவிரல் இடைவெளியை மாற்றலாம். நிறுத்த வேண்டியதில்லை. அதுதான் விஷயம். இதுவரை யாரும் ஏன் இப்படிச் செய்யவில்லை என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

பட்டறையில் உருக்கு அன்றைக்குச் சப்பாத்தி மாவுபோல இருந்தது. அவள் பிசைந்து, உருட்டி, வரைந்தபடி செய்தாள். "சரி" என்றாள். உருக்கு கெட்டியானது.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் கூடத்தில் இருந்தது. டின்னைக் கவிழ்த்தாள். தேதி இருந்த இடத்தில் 'இன்று' என்று அச்சாகியிருந்தது.

"ஏங்க, வந்துட்டேன்."

"வா."

விளிம்பு தடித்தது. மங்கை நட்டைத் தளர்த்தினாள். ஓப்பனர் விளிம்பைக் கவ்வி உட்கார்ந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருகினாள். அரை அங்குலம் நகர்ந்தது. விளிம்பு மெலிந்தது. அவள் இறுக்கினாள். அவசரத்தில் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. சக்கரம் இறுகி நின்றுவிட்டது. தளர்த்தினாள். வழுக்கியது. விளிம்பின் வெளிப்பக்கம்தான் அவளுக்குத் தெரிந்தது. உள்பக்கம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று பார்க்க வழியில்லை.

"இறுக்கட்டுமா, லூஸ் பண்ணட்டுமா?"

"உன் இஷ்டம்," என்றான் பூபாலன்.

மங்கை கையை எடுத்துவிட்டாள்.

கல்யாணப் புடவை என்ன கலர் என்று கேட்டபோது அவன் அதைத்தான் சொன்னான். வாடகைக்கு இந்த வீடா அந்த வீடா என்று கேட்டபோதும் அதையேதான் சொன்னான். குழம்பில் உப்பு போதுமா என்று கேட்டால்கூட அதுதான். முதலில் அவள் அதை அன்பு என்று நினைத்தாள். பிறகு சோம்பேறித்தனம் என்று நினைத்தாள். அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டாள். எல்லாவற்றையும் அவளே முடிவு செய்தாள். வீடு முழுக்க அவள் முடிவுகளாக இருந்தன. அவற்றுக்கு நடுவில் அவன் விருந்தாளி மாதிரி நடமாடிக்கொண்டிருந்தான்.

டின்னைக் கவிழ்த்தாள். 'இப்போது' என்று இருந்தது. அந்த எழுத்துகளும் ஓரத்திலிருந்து அழிய ஆரம்பித்திருந்தன.

"என் இஷ்டமில்லங்க!" அவள் டின்னை நிமிர்த்தி வைத்தாள். "எனக்கு உள்ள தெரியல. உங்களுக்குத்தான் தெரியும். நீங்க சொன்னாத்தான் என்னால திறக்க முடியும். ஒரு தடவையாவது சொல்லுங்களேன்!"

விளிம்பு மெலிந்துகொண்டே போனது. வெளிச்சத்தில் பிடித்தால் ஊடுருவித் தெரியும் அளவுக்கு மெலிந்துவிட்டது. அவள் ஓப்பனரை வைத்து நட்டை இறுக்கி, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ரொம்ப இறுக்கிட்ட," என்றான் பூபாலன். "லூஸ் பண்ணு."

அந்தக் குரலை அவள் கேட்டதில்லை. கொஞ்சம் எரிச்சலான குரல். அவள் தளர்த்தினாள்.

"அவ்வளவு வேணாம். பாதி."

"இப்போ?"

"ம். இப்போ திருகு. நிறுத்தாத."

சக்கரம் கடித்தது. தகரம் கிழிபடும் சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து மாம்பழ வாசனை மெல்லக் கசிந்தது.

"உன் வலது கைப் பக்கம் சாயுது பாரு," என்றான். "நிமித்திப் பிடி. இன்னும் கொஞ்சம் லூஸ். எனக்கு அந்தப் பச்சை பெயிண்ட் பிடிக்கல."

"எந்தப் பச்சை?"

"படுக்கை ரூம் சுவர். ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு."

"சரி. விளிம்பு எப்படி இருக்கு?"

"தடிக்குது. லூஸ் பண்ணு. உங்கக்கா வீட்டுக்குத் தீபாவளிக்குப் போறது எனக்குப் பிடிக்கும். அதை நீ நிறுத்திட்ட."

"உங்களுக்குப் பிடிக்கலைன்னு நினைச்சேன்."

"பிடிக்கும். உங்கக்கா வீட்டுக்காரரு நல்லா சீட்டு விளையாடுவாரு. இப்ப இறுக்காத, அப்படியே போ."

அவன் பேசிக்கொண்டே இருந்தான். விளிம்பு தடித்துக்கொண்டே இருந்தது. மங்கை தளர்த்திக்கொண்டே திருகினாள். பூரிக்கட்டை அளவுக்குத் தடித்த பிறகும் ஓப்பனர் விடவில்லை. வெட்டுவாயை நீளமாக விட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று அவள் நினைத்துக்கொண்டாள். பஜ்ஜி பிடிக்கும் என்றான். மிளகாய் பஜ்ஜி பிடிக்காது என்றான். அலாரத்தின் பாட்டு சகிக்கவில்லை என்றான். அவள் சிரித்தாள். திருகினாள். கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு திருகினாள்.

வெட்டு ஒரு சுற்று வந்து முடிந்தது. மூடி லேசாக மேலே எழும்பியது.

முதலில் ஒரு கை வந்தது. கடிகாரம் கட்டிய, ரோமம் அடர்ந்த கை. அவள் அதைப் பிடித்து இழுத்தாள். தோள் வந்தது. தலை வந்தது. பூபாலன் முழுசாக வெளியே வந்து, வழக்கமான உயரத்தில், கூடத்தில் நின்றான். சட்டைக் காலரில் கொஞ்சம் கூழ் ஒட்டியிருந்தது. அவள் அவனுடைய கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். மோவாயைத் தொட்டாள். காதையும் தொட்டாள்.

"இருக்கேன்," என்றான்.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது டின்னுக்குள்ளிருந்து ஒரு குடை நீட்டிக்கொண்டு வந்தது. அதைத் தொடர்ந்து ஒரு பெரியவர் வந்தார். வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார்.

"ரொம்ப உபகாரம்மா," என்றார். "தர்மபுரிக்கு இன்னும் வண்டி இருக்குமா?"

"இருக்குங்கய்யா. வெளிய போய் இடது பக்கம் திரும்புங்க."

அவருக்குப் பின்னால் ஒரு நர்ஸ் வந்தாள். அப்புறம் கேரம் போர்டைத் தலையில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒரு தபால்காரர் சைக்கிளோடு வந்தார். சைக்கிள் மாட்டிக்கொண்டது. பூபாலன் டின்னின் ஒரு பக்கமும் மங்கை மறுபக்கமும் நின்று ஹேண்டில்பாரைத் திருப்பி வெளியே எடுத்தார்கள். உள்ளே இவ்வளவு பேர் இருந்தது தனக்குத் தெரியாது என்று பூபாலன் சொன்னான். எல்லோரும் சத்தம் போடாமல் இருந்தார்களாம்.

வந்தவர்கள் யாரும் அழவில்லை. யாரும் அவசரப்படவில்லை. சிலர் தண்ணீர் கேட்டார்கள். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள். தெருவில் அவர்கள் ஒருவருக்கொருவர் வழி சொல்லிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

கடைசியாக ஓர் இளம்பெண் வந்தாள். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மங்கை குழந்தையை வாங்கிக்கொள்ள, பூபாலன் அவளைத் தூக்கி விட்டான். அவள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்தாள்.

"இது ஓசூர்தானேக்கா?"

"ஓசூர்தாம்மா."

"அப்பாடா," என்று சொல்லி அவள் தரையில் உட்கார்ந்தாள்.

மங்கையும் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தை கண் விழித்து, யார் மடி என்று அண்ணாந்து பார்த்துவிட்டு, மறுபடி தூங்கியது.