தலைமாட்டில் நான்கு கோடு

குழிக்காட்டுப்புதூரில் செல்போன் டவர் முதன்முதலாக எடுத்தது 2016 ஆவணி மாதம், படுக்கையில் கிடந்த கருப்பண்ணனின் தலைமாட்டில். ராசிபுரத்துக்கு மேற்கே இரண்டு கரடுகளுக்கு நடுவில் பள்ளத்தில் இருக்கிற ஊர் அது. நூற்றுப்பத்து வீடு, ஆறு கோழிப்பண்ணை. அதுவரை ஒரு போன் பேச வேண்டுமென்றால் கரட்டில் பாதி தூரம் ஏற வேண்டும். கருப்பண்ணன் போர் போடும் ரிக் வண்டியில் வேலை பார்த்தவன். மத்தியப் பிரதேசத்தில் ஒரு சோளக்காட்டில் வண்டியை நிறுத்தி, துளைபோடும் மாஸ்ட் கம்பத்தைத் தூக்கியபோது அது மேலே போன மின்கம்பியில் பட்டது. கூட நின்ற இரண்டு பேர் அங்கேயே போய்விட்டார்கள். இவன் நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, வலது பக்கம் விளங்காமல், பேச்சும் நின்று, ஊருக்கு வந்து சேர்ந்தான். வந்த நான்காம் நாள், அவன் மனைவி சௌந்திரம் அவனுக்கு உடம்பு துடைத்துவிடும்போது, மணி பார்ப்பதற்காகத் தலையணை ஓரம் வைத்திருந்த பட்டன் போன் அடித்தது. தம்மம்பட்டியிலிருந்து அவள் அண்ணன். நலம் விசாரித்துவிட்டு வைத்தார். பிறகுதான் அவளுக்கு உறைத்தது, அந்த வீட்டில் போன் அடித்ததே இல்லை என்று.

ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் செல்போன் கடை வைத்திருந்த கலீலுல்லா வியாழக்கிழமைதோறும் ஊருக்கு வந்து ரீசார்ஜ் போட்டுவிட்டுப் போவார். அவர்தான் இதை முறையாக அளந்தவர். கையில் மூன்று கம்பெனி போன்களோடு கட்டிலைச் சுற்றி மண்டியிட்டு நகர்ந்து, எங்கெங்கே எத்தனை கோடு என்று தரையில் சாக்பீஸால் போட்டுவைத்தார். ஒரு கம்பெனிக்குத் தலைமாட்டில் நான்கு கோடு. இன்னொன்றுக்குக் கால்மாட்டில் இரண்டு. மூன்றாவதற்கு இடது கையோரம் மூன்று. வலது பக்கம் எந்தக் கம்பெனியும் எடுக்கவில்லை. அந்த வாரத்திலிருந்து ஊரில் யாரும் கம்பெனிகளை அவற்றின் பெயரால் சொல்லவில்லை. தலைமாட்டுக் கம்பெனி, கால்மாட்டுக் கம்பெனி, இடதுகைக் கம்பெனி என்றுதான் பேச்சு. கால்மாட்டில் நின்று பேசுவது மரியாதை இல்லை என்று சிலர் சிம்மையே மாற்றிக்கொண்டார்கள்.

முதல் இரண்டு வருடம் டவர் கட்டிலிலிருந்து இருபது அடிக்குத்தான் எடுத்தது. ஆகவே ஊர் வீட்டுக்குள் வந்தது. பண்ணைக்காரர்கள் சாயங்காலம் முட்டை விலை கேட்க வந்தார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளுக்கு ஆள் பிடித்துக்கொடுக்கும் முருகானந்தம் காலையிலேயே வந்து, கருப்பண்ணனின் காதுக்கு நேராக நின்று, ராய்ப்பூருக்கும் நாக்பூருக்கும் சத்தம் போட்டுப் பேசுவார். பேசி முடித்ததும், "என்னப்பா, நம்ம வண்டி முன்னூறு அடியில தண்ணி அடிச்சிருச்சாமா" என்று அவனிடமும் சொல்வார். கருப்பண்ணன் கண்ணை மூடித் திறப்பான். அவனுக்குக் கேட்டது என்று அர்த்தம். உடம்புச்சூடு தொண்ணூற்றொன்பது இருக்கும். சௌந்திரத்துக்கு அப்போது இது பெரிதாகத் தெரியவில்லை. வருகிறவர்களுக்கு டீ வைத்துக் கட்டுப்படியாகவில்லை என்பது மட்டும்தான் குறை.

பிறகு எல்லா ஊரிலும் வேகமான நெட் வந்தது. இங்கேயும் வந்தது; யாரும் எந்தப் பெட்டியும் மாட்டவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை போன்களின் மூலையில் எழுத்து மாறியிருந்தது, தெரு முழுக்க எடுத்தது, கருப்பண்ணனுக்கு நூற்றொன்று காய்ச்சல். கொரோனா வருடத்தில் பிள்ளைகள் அவரவர் வாசலிலேயே உட்கார்ந்து ஆன்லைன் வகுப்பு படித்தார்கள். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் மரத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது இந்த ஊர்ப் பிள்ளைகள் ஒரு வகுப்பும் தவறவிடவில்லை என்று தலைமையாசிரியர் பாராட்டிக் கடிதம் அனுப்பினார். 2023-இல் அதைவிட வேகமானது வந்தபோது கோயில் வேம்பு வரைக்கும், அதைத் தாண்டிப் பண்ணைகள் வரைக்கும் எடுத்தது. சூடு நூற்றுமூன்று. யாரும் வீட்டுக்குள் வர வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று, வரவும் இல்லை. டவர் எங்கிருந்து வருகிறது என்பதே புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்களுக்குத் தெரியாது.

சௌந்திரம் மட்டும் ஊர் என்ன செய்கிறது என்பதை அவன் நெற்றியில் கை வைத்தே சொல்லிவிடுவாள். காலை ஏழு மணிக்கு லேசாக ஏறினால் பண்ணைக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். சாயங்காலம் ஆறுக்கு மேல் சீரியல். கிரிக்கெட் கடைசி ஓவரில் நூற்றுநான்கைத் தொடும். நனைத்துப் போட்ட துண்டு அப்பளம்போலக் காய்ந்துவிடும். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று அவனுக்கு வலிப்பு வந்தது. ராசிபுரத்து டாக்டர் ரத்தம், சிறுநீர், நெஞ்சுப் படம் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, காரணம் தெரியாத காய்ச்சல் என்று எழுதி மாத்திரை கொடுத்தார்.

அவள் வீடு வீடாகப் போய்க் கேட்டாள். ராத்திரி ஒரு ஒன்பது மணிக்கு மேலாவது நெட்டை அணைத்து வையுங்கள் என்றாள். எல்லாரும் சரி என்றார்கள். எல்லாரும் அணைத்திருப்பார்கள், நாம் ஒருவர் பார்த்தால் என்ன என்று ஒவ்வொருவரும் நினைத்ததில், சூடு அப்படியேதான் இருந்தது. முருகானந்தம் ஊருக்குப் பொதுவில் ஒரு டேபிள் ஃபேனும் தண்ணீர் மெத்தையும் வாங்கிக் கொடுத்தார்.

"ஊருக்கே டவரு நம்ம கருப்பண்ணன்தான். நல்லா பாத்துக்க சௌந்திரம், ராசா மாதிரி வெச்சுக்கோணும்."

"ராசாவ வேக வெப்பாங்களாங்க?" என்றாள் அவள். முருகானந்தத்துக்கு அன்று அவசரமான போன் ஒன்று வந்துவிட்டது.

ஊரில் நிஜ டவர் ஒன்று நிற்க வேண்டும், அப்போதுதான் இவன் பிழைப்பான் என்று அவள் முடிவுக்கு வந்தாள். சேலத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்த மகள் அபிநயாவை எழுதச்சொல்லித் தலைமாட்டுக் கம்பெனிக்கு மனு அனுப்பினாள். ஒரு மாதத்தில் பதில் வந்தது, வண்ண வரைபடத்தோடு. தங்கள் பகுதியில் மூன்று நிறுவனங்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் கவரேஜ் மிகச் சிறப்பாக உள்ளது, மாவட்டத்திலேயே முதல் பத்து இடங்களுக்குள் வருகிறது, வாழ்த்துகள் என்று இருந்தது. வரைபடத்தில் குழிக்காட்டுப்புதூர் நெல்நாற்று மாதிரிப் பச்சையாக இருந்தது.

கலீலுல்லா அதை வாங்கி இரண்டு தடவை படித்தார். "அக்கா, இவரு இருக்கற வரைக்கும் மேப்பு பச்சைதான். வர்ற மாசம் பதினாலாந்தேதி மறுபடியும் சர்வே காரு வருதாம். அன்னைக்கி இவரு ஊர்ல இருக்கக் கூடாது."

ஊர்க்கூட்டத்தில் கலீலுல்லா இதைச் சொன்னபோது முருகானந்தம் எழுந்துகொண்டார். பங்குனி மாதம் ரிக் சீசன், ஒரு நாள் போன் இல்லையென்றால் பதினாறு வண்டி எங்கே நிற்கிறது என்று தெரியாது என்றார். பண்ணைக்காரர்களும் தலையாட்டினார்கள். சௌந்திரம் கூட்டத்தில் அதுவரை பேசியதில்லை.

"ஒரு நாளு உங்களுக்கு ஆவாதுங்களா? ஏழு வருசமா அவரு உங்களுக்கு ஆனாருங்கல்ல? நாஞ் சேலத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். வேண்டாங்கறவங்க என்ற ஊட்டு வாசல்ல வந்து நின்னு வேண்டாம்னு சொல்லுங்க."

பதினான்காம் தேதி காலை வாசலில் யாரும் வந்து நிற்கவில்லை. முட்டை வண்டியில் தட்டுகளை இறக்கிவிட்டு, கருப்பண்ணனைக் கட்டிலோடு ஏற்றினார்கள். வண்டி புறப்பட்டதும் ஊர் ஓரத்திலிருந்து வீடு வீடாகப் போன் செத்துக்கொண்டே வந்தது. வண்டிக்கு முன்னும் பின்னும் ஒரு மைல் தூரத்துக்கு, எடுக்காத காட்டிலெல்லாம் எடுத்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் இடுப்பில் போன் அதிர்வதைக் கண்டு திடுக்கிட்டார்கள். நேரம் கணக்குப் போட்டதில்தான் பிசகிவிட்டது. ஓடைப் பாலத்தில், ஒரு வண்டி மட்டும் போகிற இடத்தில், சர்வே கார் எதிரே வந்து நின்றது.

காரின் முன்கண்ணாடியில் வரிசையாக ஆறு போன் ஒட்டியிருந்தது. சிவபிரகாஷ் என்கிற இளைஞன் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான். ஆறு போனும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போனதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான். கையிலிருந்த போனை நீட்டியபடியே முட்டை வண்டியைச் சுற்றி நடந்து, பின்பக்கம் வந்து, தலைமாட்டருகில் நின்றுவிட்டான்.

"உள்ள என்னங்க இருக்கு?"

"என்ற ஊட்டுக்காரருங்க."

"அது தெரியுதுங்க. வேற என்ன மெஷின் வெச்சிருக்கீங்க?"

"வேற ஒண்ணும் இல்லீங்க சாமி. தொட்டுப் பாருங்க."

அவன் தொட்டுப் பார்த்தான். கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டு, லேப்டாப்பைத் திரும்பிப் பார்த்தான். அதில் பாலம் வரைக்கும் சாலை பச்சைக் கோடாக நீண்டிருந்தது.  சௌந்திரம் அவன் காலில் விழுவதற்காகக் கம்பியைப் பிடித்து இறங்கப்போனாள்.

"இறங்காதீங்கம்மா. எங்கப்பாவும் படுக்கையிலதான் கெடந்தாரு" என்றான் அவன். பிறகு காருக்குப் போய் டிரைவரிடம், "ரிவர்ஸ் எடுங்கண்ணா. சிஸ்டம் தொங்கிருச்சு. பூரா அழிச்சிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் ஆரம்பிக்கணும்" என்று சொன்னான். லேப்டாப்பை மூடிப் பின் இருக்கையில் போட்டான். முட்டை வண்டி பாலத்தைத் தாண்டியது.

சேலம் ஆஸ்பத்திரியில் சுற்றிலும் டவர்கள். கருப்பண்ணன் யாருக்கும் தேவைப்படவில்லை. மூன்று நாளில் சூடு தொண்ணூற்றெட்டுக்கு வந்தது. ஏழு வருடத்துக்குப் பிறகு அவன் வாய் திறந்து தூங்குவதைச் சௌந்திரம் பார்த்தாள். அபிநயா வார்டு உடுப்போடு வந்து அப்பாவின் கால் பக்கம் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டாள். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று இருவருமே நம்பினார்கள். அப்படித்தான் தெரிந்தது.

நான்காம் நாள் ஊருக்குத் திரும்பினார்கள்; போன்களும் சூடும் திரும்பின. அந்த வருடம் கார்த்திகையில் மேற்குக் கரட்டின் மேல் தலைமாட்டுக் கம்பெனி டவர் நின்றது. கலீலுல்லா வந்து ஒப்பிட்டுப் பார்த்தார். கருப்பண்ணனிடம் ஒரு படம் இறங்க இருபது நிமிடம். புது டவரில் நாற்பது விநாடி. ஊர் ஒரே நாளில் மாறிக்கொண்டது. கருப்பண்ணனுக்கு அன்று தொண்ணூற்றெட்டு. அடுத்த வாரம் தொண்ணூற்றேழு. மார்கழி பிறந்தபோது தொண்ணூற்றைந்து; விரல் நுனி நீலமாக இருந்தது. சௌந்திரம் கம்பளி போர்த்தினாள், தவிட்டைச் சூடாக்கி ஒத்தடம் கொடுத்தாள். எதுவும் உள்ளே இறங்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் அவன் நெற்றியில் கை வைத்தபடி நின்றபோதுதான் புரிந்தது. அவனைச் சுட்டது எதுவோ அதுதான் அவனை வைத்துக்கொண்டும் இருந்தது.

மறுபடியும் வீடு வீடாகப் போனாள். "ஒரேயொரு போன் வந்து பேசிட்டுப் போங்க சாமி. நான் டீ வெக்கறேன்." முருகானந்தம் முதலில் வந்தார். அவர் அழுததை அன்றுதான் அவள் பார்த்தாள். தலைமாட்டில் நின்று ராய்ப்பூருக்குப் பேசினார். பண்ணைக்காரர்கள் வந்தார்கள், பிள்ளைகள் வந்து வீடியோ பார்த்தார்கள். சூடு ஏறவில்லை. கலீலுல்லா போன்களை வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கட்டிலோடு ஒட்டி நின்றாலும் போன்கள் வேகமானதைத்தான் பிடிக்கும். அவற்றின் குணம் அது, மனிதர்கள் சொல்லி மாற்ற முடியாது.

பழைய பட்டன் போன் ஒன்றுதான் மிச்சம். கரட்டு டவரின் வேகம் அதற்குப் புரியாது. அது கருப்பண்ணனை மட்டுமே பிடித்தது. சௌந்திரம் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. காலையில் தம்மம்பட்டி அண்ணனோடு பேசினாள். பகலில் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போட்டு, ஒன்றை அழுத்தவும் இரண்டை அழுத்தவும் என்கிற குரலை மணிக்கணக்காக ஓடவிட்டாள். சாயங்காலம் முதல் தூங்கும்வரை அபிநயா. மகள் பேச்சு தீர்ந்துபோனால் பாடப் புத்தகத்தை வாசிப்பாள். எலும்புகளின் பெயர், மருந்தளவு. சூடு தொண்ணூற்றாறரையில் நின்றது. போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டே பேசியதில் சௌந்திரத்தின் காது மடல் கொப்புளித்தது. இப்படி இருபத்தாறு நாள்.

இருபத்தேழாம் நாள் பொங்கல் விடுமுறைக்கு அபிநயா வந்தாள். அம்மாவின் காதைப் பார்த்துவிட்டு முதலில் திட்டினாள், பிறகு தேங்காய் எண்ணெய் போட்டுவிட்டாள். அப்பாவின் இடது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும், ஊசி போடும்போது மயங்கி விழுந்த தோழியைப் பற்றியும் சொன்னாள். மூவரும் சிரித்தார்கள், கருப்பண்ணன் கண்ணால் சிரித்தான். சௌந்திரம் ரசம் வைத்தாள், தாயும் மகளும் கட்டிலோரம் உட்கார்ந்தே சாப்பிட்டார்கள். பேச வேண்டியவள் பக்கத்திலேயே இருந்ததால் யாருக்கும் போன் போடத் தோன்றவில்லை. பட்டன் போன் ஜன்னலில் கிடந்தது. மாலை நான்கு மணிக்குச் சற்று முன் அபிநயா பேச்சை நிறுத்திவிட்டு மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். படித்த பிள்ளை. இரண்டு முறை பார்த்தாள்.

யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அபிநயா இப்போது நாமக்கல்லில் வேலை பார்க்கிறாள். வாரம் ஒருமுறை நேரில் வந்துவிடுகிறாள். அந்த வீட்டின் முன்னறையில், பத்துக்கு எட்டடி, அன்றிலிருந்து எந்தக் கம்பெனியும் எடுப்பதில்லை. கரட்டு டவர் அங்கிருந்து பார்த்தால் ஜன்னல் வழியே தெரிகிறது. கம்பெனிக்காரர்கள் இரண்டு முறை வந்து அளந்து, சுவரில் தட்டிப் பார்த்து, வரைபடத்தில் அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த வேகம் வந்தாலும் அது அப்படியேதான் இருக்கும் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். சௌந்திரம் பகலெல்லாம் அந்த அறையில்தான் இருக்கிறாள். அவளிடம் காரியம் உள்ளவர்கள் வீடு தேடி வந்து, வாசலில் நின்று, பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். "வாரேன்" என்று உள்ளிருந்து குரல் வருகிறது.