சிவப்பு மை

அருங்காட்சியகம் என்றாலே எனக்கு ஆகாது. செத்துப்போனதையெல்லாம் துடைத்துக் கண்ணாடிக்குள் வைத்து, தொடாதே என்று எழுதிவைக்கிற இடம். ஆனால் அம்மா ஒரு வாரமாக என்னை விடவில்லை. பழைய நூற்பாலையின் அலுவலகத்தை இடித்தபோது ஓர் இரும்பு அலமாரி கிடைத்ததாம். தீப்பிடித்த நாளின் வருகை அட்டைகள் அதில் அப்படியே இருந்தனவாம், இப்போது அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்களாம். அப்பாவின் அட்டையைப் பார்க்க வேண்டும் என்றாள்.

அப்பா அந்தத் தீயில் போனபோது எனக்கு நான்கு வயது. அடையாளம் காட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. இருபத்தாறு பேருக்கும் சேர்த்து ஒரே குழி, ஒரே கல். தெருமுனைத் தையல்காரர், நல்ல மனுஷர், இரண்டு முறை அம்மாவைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். நமக்காக உழைக்கப் போய்க் கருகினவரை எப்படி மறப்பது என்று அம்மா அவரைத் திருப்பி அனுப்பினாள். அந்தப் பிடிவாதத்திலேயே முப்பத்தோரு வருடம் ஓடிவிட்டது. எனக்கு அம்மாமேல் கோபம் உண்டு. அப்பாமேல் ஒருநாளும் வந்ததில்லை. செத்தவரிடம் என்ன கோபம்?

முதலில் மாடியிலிருந்த ஓவியக்கூடத்துக்குப் போனோம். ஆலைத் தீயை யாரோ சுவர் அகலத்துக்கு வரைந்திருந்தார். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆள் முகமும் தெரியாது, எழுத்தும் தெரியாது. ஆனால் அந்தப் படத்தின் முன்னால் நின்றுவிட்டாள். சிவப்பு மட்டும்தான் இப்போதெல்லாம் கண்ணுக்குப் பிடிபடுகிறது என்றாள்.

கீழ்த்தளத்தில் ஆலையின் பழைய கடிகாரம் இருந்தது. அட்டையைச் செருகினால் மணி அச்சாகும். அதன் பக்கத்தில் வந்ததும் அம்மாவுக்குப் பேச்சு பிய்த்துக்கொண்டு வந்தது. ஒழுங்காக வந்து போனால் கறுப்பு மை, பிந்தி வந்தாலோ முந்திக் கிளம்பினாலோ சிவப்பு மையாம். அப்பாவின் அட்டையில் சிவப்பே விழாதாம். திட்ட வழியில்லாமல் மேஸ்திரிக்குத் தூக்கமே வராதாம். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் அட்டைகள் வரிசையாக இருந்தன. உள்ளே வந்த நேரம் எல்லாவற்றிலும் இருந்தது. வெளியே போன நேரம் கண்ணில் பட்ட எதிலும் இல்லை. அப்பாவின் பெயரைத் தேடிப் பிடித்தேன். வந்தது எட்டு மணி, கறுப்பில். போனது இரண்டு பத்து, சிவப்பில். தீப்பிடித்தது மூன்று மணிக்கு. ஆலையிலிருந்து வீடு பத்து நிமிட நடை.

அன்று அவர் வீட்டுக்கு வரவேயில்லை. இத்தனை வருடம் நாங்கள் அழுத மனிதர், தன் காலால் நடந்து எங்கேயோ போயிருக்கிறார்.

என்ன போட்டிருக்கிறது, படி என்றாள் அம்மா.

"எட்டு மணிக்கு உள்ள வந்திருக்காரும்மா. வெளிய போன நேரம் இல்ல." நாக்கூசாமல் சொன்னேன்.

அவள் மூக்கு கண்ணாடியில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தாள்.

"எட்டு மணிக்கு வந்தவருக்கு எதுக்குடி செவப்பு?"

அம்மா கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வேற அட்டை எதுலயாச்சும் செவப்பு இருக்கா பாரு. பொம்பளைங்க அட்டையும் பாரு."

வரிசை முழுவதையும் இரண்டு முறை பார்த்தேன். இன்னொரு பொய் சொல்ல எனக்குத் துணிவில்லை.

"இல்லம்மா. அவரோடது மட்டுந்தான்."

"ஒருத்தியோட போயிருந்தாலாவது, அவ நம்மளவிட ஒசத்தின்னு மனச ஆத்திக்கலாம்," என்றாள். "இவரு சும்மாவே போயிருக்காரு. நாம வேணாம்னு மட்டும் போயிருக்காரு."