பெரியவருக்கு வந்த பசி

கீழ் வீட்டில் தையல்கார அக்கா, மாடி வீட்டில் பஸ் டிரைவர் தம்பி. அம்மாவை எந்த ஆஸ்பத்திரியில் சேர்ப்பது என்பதில் மூண்ட சண்டை, அம்மா போன பிறகும் ஆறவில்லை. நாலு வருஷமாக இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. அவனே முதலில் வந்து பேசட்டும் என்று அக்காவுக்கு வீம்பு.

இருவருக்கும் பொதுவாக மிஞ்சியது அம்மா வளர்த்த கிழட்டுப் பூனைதான். வயது பதின்மூன்று, பெயர் பெரியவர். இரண்டு வீட்டிலும் மூக்குப் பிடிக்கத் தின்றும் பெரியவர் எலும்பும் தோலுமாகிக்கொண்டே வந்தார். ஓயாத கத்தல், ஓரிடத்தில் நில்லாத நடை. மாடியில் அந்தப் பாவி பட்டினி போடுகிறான் என்று அக்கா தையல் மிஷினை ஆத்திரத்தோடு மிதித்தாள்.

கால்நடை மருத்துவர் பூனையின் கழுத்தைத் தடவிப் பார்த்தார், ரத்தமும் எடுத்துச் சோதித்தார்.

"தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்யுதும்மா. எவ்வளவு தின்னாலும் உடம்புல ஒட்டாது. காலையில ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு மாத்திரை குடுங்க."

அக்கா மீனுக்குள் பொதிந்து தவறாமல் கொடுத்தாள். பத்து நாளில் பெரியவர் வாந்தி எடுத்துவிட்டுத் துணிக்கூடையில் துவண்டு கிடந்தார். மீனை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மருத்துவருக்குப் போன் போட்டாள்.

"மருந்து அதிகமா போன மாதிரி இருக்கே. வேற யாராவது குடுக்கறாங்களா?"

"என்னை விட்டா யாரு..." என்று தொடங்கியவள் அண்ணாந்து மாடியைப் பார்த்தாள்.

வீம்பு பாதிப் படிவரை கூடவே வந்து மூச்சு வாங்கி நின்றுவிட்டது. தம்பி கதவைத் திறந்தான்.

"டேய், பெரியவருக்கு மாத்திரை ஏதாவது குடுக்கறியா?"

"ஆமா. வேற டாக்டர்கிட்ட காட்டினேன், தைராய்டாம். நீ சோறு போடலைன்னுல்ல நெனச்சேன்!"

"நானும் உன்னைத்தான் திட்டிட்டு இருந்தேன். ஐயோ, நானும் அதே மாத்திரையைக் குடுக்கறேன்டா!"

அவன் முகம் வெளுத்தது. வெறுங்காலோடு ஓடிவந்து கூடையைத் தூக்கினான். ஊசி வழியே நீர் ஏற்றி, மாத்திரையைச் சில நாள் நிறுத்தி, மறுபடியும் ரத்தம் பார்த்ததில் கிழம் பிழைத்துக்கொண்டது.

"காலையில ஒருத்தர், சாயந்திரம் ஒருத்தர். குடுத்ததும் மத்தவங்ககிட்ட சொல்லிடணும்" என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பிய தம்பி அவள் வாசலில் நின்றான்.

"மாத்திரை குடுத்துட்டேன்க்கா."

"சாப்டாச்சா?"

"தட்டையே நக்கிட்டாரு."

"அவரைக் கேக்கலடா. உன்னைக் கேட்டேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான்.