இடம் மாற மறந்த பிள்ளைகள்

தொண்டை டாக்டர் டார்ச்சை அணைத்துவிட்டு, "ஒரு மாசம் வாயே திறக்கக் கூடாது. கிசுகிசுன்னு பேசறதும் பேச்சுதான். வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க," என்றார். இரண்டாம் வகுப்பு டீச்சர் தலையாட்டினாள். சொல்வதற்கு வீட்டில் ஆளில்லை என்பதைத் தலையாட்டிச் சொல்ல முடியாது.

"பேசாம லீவு போட்டுடுங்களேன்," என்றார் தலைமையாசிரியை. சொன்ன பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

டீச்சர் நோட்டில் எழுதிக் காட்டினாள்: 'வேண்டாம், சமாளிப்பேன்.' லீவு போட்டால் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். இருபத்திரண்டு வருஷம் கத்திக் கத்திப் பாடம் நடத்திய தொண்டைக்கு வீட்டில் மட்டும் வேலை கிடையாது. பால் பொங்கி வழிந்தால் "ஐயையோ" என்பாள், அவ்வளவுதான். வாய்க்குப் பூட்டுப் போட்ட முதல் சாயங்காலமும் எல்லாச் சாயங்காலத்தையும் போலவே கழிந்தது. அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

அந்த மாதப் பாடம் இணைப்புச் சொற்கள். பழைய காலண்டர் அட்டைகளை வெட்டி 'அதனால்' என்று சிவப்பிலும் 'ஏனென்றால்' என்று நீலத்திலும் எழுதினாள். இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நடுவில் ஒரு பிள்ளை இணைப்பு அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இருவர் தோளிலும் கைபோட வேண்டும். வகுப்பே சேர்ந்து வாசிக்கும்: 'மழை பெய்தது, அதனால் நான் நனைந்தேன்.' டீச்சர் மேசையைத் தட்டினால் நடுப்பிள்ளை நீல அட்டைக்கு மாறும். ஓரத்துப் பிள்ளைகள் ஓடி இடம் மாற வேண்டும். 'நான் நனைந்தேன், ஏனென்றால் மழை பெய்தது.' இடம் மாற மறந்துவிட்டால் 'மழை பெய்தது, ஏனென்றால் நான் நனைந்தேன்' என்றாகிவிடும். வகுப்பு கொல்லென்று சிரிக்கும். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்க ஆரம்பித்தன.

இரண்டாவது வாரம் வாக்கியங்களைப் பிள்ளைகளையே எழுத விட்டாள். முன்பல் இரண்டும் விழுந்து 'பொக்கை' என்று பெயரெடுத்த பெண் மேசைக்கு வந்தாள்.

"டீச்சர், உங்க வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?"

டீச்சர் கையை விரித்தாள்.

"அம்மா? பாப்பா? யாருமே இல்லியா?"

மறுபடியும் விரித்தாள். பொக்கை நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதி, இரண்டு தோழிகளை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். 'டீச்சர் வீட்டில் யாரும் இல்லை, அதனால் டீச்சர் பேசவில்லை.' டீச்சர் புன்னகைத்து மேசையைத் தட்டினாள். நடுப்பிள்ளை அட்டையை மாற்றியது. ஓரத்துப் பிள்ளைகள் இடம் மாற மறந்து நின்றார்கள். வகுப்பு உரக்க வாசித்தது:

'டீச்சர் வீட்டில் யாரும் இல்லை, ஏனென்றால் டீச்சர் பேசவில்லை.'

யாரும் சிரிக்கவில்லை. கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது.

"கரெக்டா டீச்சர்?" என்றாள் பொக்கை.

அர்த்தம் மாறிவிட்டது என்று பலகையில் எழுதியிருக்க வேண்டும். டீச்சர் 'சரி' என்று தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அம்மா போன பிறகு அவளும் தங்கையும்தான் அந்த வீட்டில் இருந்தார்கள். நாற்பத்தொரு வயதில் தங்கை ஒரு பஸ் டிரைவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். "இந்த வயசுல உனக்கு இது ஒரு கேடா?" என்று டீச்சர் கேட்டுவிட்டாள். தங்கை பெட்டியோடு கிளம்பினாள். முதல் வருஷம் அவள் போன் செய்தபோதெல்லாம் டீச்சர் எடுக்கவில்லை. பிறகு போன் வருவதும் நின்றது. நாலு வருஷம் ஆயிற்று.

அந்த ஞாயிறு இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய், தங்கை தபாலில் அனுப்பியிருந்த கல்யாணப் பத்திரிகையிலிருந்த விலாசத்தில் இறங்கினாள். கீழ் வீட்டு அம்மாள் கதவைத் திறந்தாள். டீச்சர் நோட்டை நீட்டினாள்.

"கண்ணாடி ரிப்பேருக்குப் போயிருக்கும்மா. வாயில சொல்லுங்களேன்."

டீச்சர் தொண்டையைத் தொட்டுக் காட்டி, மாடியைக் காட்டினாள்.

"டிரைவர் வீடா? காலி பண்ணி ஆறு மாசம் ஆச்சே! டிப்போ மாத்திட்டாங்க. எந்த ஊருன்னு சொன்னாங்க, பாழாப்போன ஞாபகம், நிக்க மாட்டேங்குது. நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

டீச்சர் தன் நெஞ்சைத் தொட்டாள். அதற்குமேல் எப்படிக் காட்டுவதென்று தெரியவில்லை.

"உங்ககிட்டத் துணி ஏதும் தைக்கக் குடுத்திருந்தாங்களா?"

ஆமென்று தலையாட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினாள்.

மாதம் முடிந்து டாக்டர் பேசச் சொன்னபோது, வந்த குரல் கோணியைத் தரையில் இழுப்பதுபோல் கரகரத்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் தங்கையின் பழைய எண்ணை அழுத்தினாள். மணி போனது.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"அக்கா."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. "குரல் ஏன் இப்படி இருக்கு?"

"தொண்டையில கட்டி மாதிரி. இப்பப் பரவால்ல. உன் வீட்டுக்கு வந்தேன். காலி பண்ணிட்டீங்களாம்."

"வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"பேசவே கூடாதுன்னுட்டாங்க."

"நாலு வருஷமாவா?"

டீச்சர் சுவரில் கைவைத்துக்கொண்டாள். "அன்னைக்கு நான் கேட்டது தப்பு," என்றாள்.

"சரிக்கா. அடுப்புல வேலை இருக்கு, அப்புறம் பேசறேன்."

அன்று போன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. திருத்த வேண்டிய நோட்டுகளோடு போனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

ஒன்பதாம் நாள் தங்கையிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. வெறும் விலாசம். 'வா' என்று அதில் இல்லை. 'வராதே' என்றும் இல்லை. இரண்டு பஸ் மாற வேண்டிய தூரம். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.