ஈ விழுந்த பக்கம்

கொழுந்தியாள் மதிய இடைவேளையில் வந்தாள். கடையில் யாரும் இல்லை.

"என்ன அத்தான், ஈ ஓட்டுறீங்களா?"

"ஓட்டுறதுக்கு ஈயாவது வரணுமே."

அவர் படங்களுக்குச் சட்டம் போடுகிறவர். முன்னால் கடை. பின்னால் ஓர் அறை, அதில் கட்டில். கண்ணாடி வெட்டும் மேசையின் ஓரத்தில் கணினி. அதன் பின்சுவரில் எந்த விசைக்கு எந்தத் தமிழ் எழுத்து என்று மனைவி கைப்பட எழுதி ஒட்டிய தாள். பழைய எழுத்துருவின் அட்டவணை அது. அவள் அச்சகத்தில் தட்டச்சு செய்தே பழகியவள். விரல்களுக்கு வேறு முறை தெரியாது. கடையின் வலைத்தளமும் அந்த எழுத்துருவில்தான் ஓடுகிறது.

கொழுந்தியாள் வலைத்தளங்களைப் பழுது பார்க்கும் நிறுவனத்தில் இருக்கிறாள். நாற்காலியில் இருந்த மரத்தூளைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

"பக்கம் எழுதற எடிட்டர் படுத்துடுச்சுன்னீங்க. எந்தப் பக்கம், விலைப் பட்டியலா?"

"இல்ல. சோதனைன்னு ஒண்ணு இருக்கும்."

"வெளியிடாத பக்கமாச்சே. இதுல என்ன இருக்கு?"

திறந்ததும் அவளுக்கே தெரிந்தது. அக்காவும் அத்தானும் மாற்றி மாற்றி எழுதியிருந்தார்கள். மின்கட்டணம் கட்டியாயிற்றா. கட்டியாயிற்று. இருமல் எப்படி. பரவாயில்லை.

பதினான்கு மாதங்களுக்கு முன் வெளியூர் அச்சகத்தில் வேலை என்று மனைவி போனாள். வேலை பாதிக் காரணம். மீதிப் பாதியை இருவரும் யாரிடமும் சொல்லவில்லை. போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வந்தது. வலைத்தளத்தை மட்டும் அவள் அங்கிருந்தே பார்த்துக்கொண்டாள். ஒரு நாள் இந்தப் பக்கத்தில் ஒரு வரி எழுதிவைத்தாள். அவர் கீழே ஒரு வரி எழுதினார். எழுத்தில் சண்டை வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, சுவரில் இருந்த தாளைப் பார்த்து, இரண்டு விரல்களால், அவர் ஒன்று கேட்டிருந்தார். திரும்பி வருவாயா.

பதில் வந்திருந்தது.

"கேட்டதைப் பற்றி நாலு நாள் யோசித்தேன். ஒன்று மட்டும் சொல்கிறேன்."

அதற்குக் கீழே வெள்ளை. சுட்டியை எங்கே அழுத்தினாலும் அசையவில்லை. இரண்டு நாட்களாக அவர் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொழுந்தியாள் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"சேமிங்கற பட்டனை அழுத்தினீங்களா?"

"இல்ல. பயமா இருந்துச்சு."

"நல்லவேளை. அழுத்தியிருந்தா கண்ணுக்குத் தெரியறது மட்டும்தான் நின்னிருக்கும். மிச்சம் போயே போயிருக்கும்."

"அப்ப மிச்சம் இருக்கா?"

"இருக்கான்னு பார்ப்போம்."

உலாவியின் தற்காலிகக் கோப்புகளை அழித்தாள். வேறு உலாவியில் திறந்தாள். தளத்தில் சேர்த்திருந்த கூடுதல் வசதிகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். ஒவ்வொரு முறையும் அதே இரண்டு வாக்கியங்கள், அதே வெள்ளை. ஒவ்வொரு முறையும் அவர் மூச்சைப் பிடித்தார், விட்டார்.

"நீங்க மூச்சு விடற சத்தத்துல எனக்குக் கை ஓடல. போய் ஏதாவது ஆணி அடிங்க அத்தான்."

அவர் போய் ஒரு சட்டத்தின் மூலையைச் சேர்த்தார். பசை தடவினார். ஆணியை எடுத்தார், அடிக்கவில்லை.

"அக்காவையே கேட்டுடலாமே. ஒரு போன் போதும்."

"வேண்டாம்."

"ஏன்?"

"ஒரு தடவை கேக்கறதுக்கே பதினாலு மாசம் ஆச்சு."

அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு விலைப் பட்டியலைத் திறந்தாள். முழுதாக வந்தது. முகவரிப் பக்கமும் வந்தது.

"எடிட்டர் மேல தப்பில்ல. அக்கா எழுதினதுலதான் ஏதோ இருக்கு. இதை எப்படி ஏத்தினா?"

"கோடிங் பக்கத்துல போய்த்தான் ஒட்டுவா. அப்பதான் எழுத்தோட அளவு மாறாதாம்."

கொழுந்தியாள் அந்தப் பக்கத்துக்குப் போனாள். அங்கே அந்தப் பழைய எழுத்துரு கிடையாது. தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்.

"கீபோர்டுல எலி ஓடின மாதிரி இருக்கு. ஆனா பாருங்க, இவ்வளவு நீளம். மிச்சம் இருக்கு அத்தான்."

அவர் சுத்தியலை வைத்துவிட்டு வந்தார். அவள் விரல் ஓரிடத்தில் நின்றது.

"இந்தக் குறி என்ன எழுத்து?"

<

ஆணி அடிக்காத சட்டத்தின் மூலை மாதிரி இருந்தது. இரண்டு குச்சிகள் ஒரு முனையில் தொட்டுக்கொண்டு நின்றன. அவர் சுவரைப் பார்க்கவில்லை. ஷிப்டைப் பிடித்துக்கொண்டு கமாவைத் தட்ட வேண்டும் என்று மனைவி சொன்னது அவருக்கு நினைவிருந்தது.

"ஈ."

"ஈயா?"

"நெடில் ஈ."

அவள் நாற்காலியில் சாய்ந்தாள்.

"கம்ப்யூட்டருக்கு இது ஈ இல்ல, உத்தரவோட ஆரம்பம். மூடற குறி வர்ற வரைக்கும் எல்லாத்தையும் முழுங்கிடும். ஒரே ஒரு ஈ விழுந்து மொத்தப் பக்கமும் கெட்டுப்போச்சு. பதினாலு மாசமா ஒரு ஈ கூட வரலையா உங்க பேச்சுல?"

"வரல போல."

அந்தக் குறியை அழித்துவிட்டு அதே குறியை, கணினி உத்தரவாக எடுத்துக்கொள்ளாத வேறு விதமாக, நாலு எழுத்தில் எழுதினாள்.

"இப்ப வந்துடும். நான் பார்க்கல." நாற்காலியைச் சுற்றித் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "எடிட்டருக்குத் திரும்பற பட்டனை நீங்களே அழுத்துங்க."

ஈ என்று தொடங்கும் சொற்களை அவர் யோசித்தார். ஈடு. ஈவு இரக்கம். ஈமம். ஒன்றும் நன்றாக இல்லை. அழுத்தினார்.

வெள்ளை இருந்த இடத்தில் எழுத்து வந்தது.

"ஈரத் துண்டைக் கட்டிலில் போடுகிற பழக்கத்தை விடுங்கள். எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நான் வந்து படுக்கிற இடம் அது."

இரண்டாம் முறை படித்தார். கடைசி வாக்கியத்தை மட்டும் மூன்றாம் முறை.

"என்ன அத்தான், சத்தத்தையே காணோம். என்ன சொல்றா?"

"திட்டறா."

"நல்லாத் திட்டறாளா?"

"நல்லா."

அவர் பின்னறைக்குப் போனார். காலையில் குளித்துவிட்டுப் போட்ட துண்டு கட்டிலில் கிடந்தது, சுவரோரம், மனைவியின் பக்கம். அதை எடுத்துக் கொடியில் விரித்தார். நுனிகளை இழுத்துச் சரிசெய்தார். மெத்தையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஈரம் இன்னும் போகவில்லை.

"சேமிச்சிடவா?" கடையிலிருந்து குரல் வந்தது.

"சேமி."

ஜன்னலைத் திறந்தார். மெத்தையை வெயில் விழும் பக்கமாக இழுத்துப் போட்டார்.